உன் வீட்டில் எலுமிச்சை மரம் இல்லை

மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சீப்பு, சேஃப்டி பின், மருந்துச் சீட்டு எல்லாம் விழுந்தபின் கடைசியாக ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு வந்து மேசைக் காலில் முட்டி நின்றது. பழம் என்று சொல்வது மரியாதைக்காக. காய்ந்து, கறுத்து, தட்டினால் டொக்கென்று சத்தம் வரும் அளவுக்கு இறுகிப் போயிருந்தது. முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனை துளியும் இல்லை. பழைய ரெக்சின் வாசனைதான் வந்தது.

நீ கொடுத்த பழம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தைய நாள், ஃபைல்களைக் கட்டி அடுக்கிக்கொண்டிருந்த அவசரத்தில் ஜூஸ் போட நேரமில்லாமல், "பையில வைடி, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று நீயே என் பையில் போட்டது. எட்டு மாதமாக அது என்னோடு ஆபீசுக்கும் கடைக்கும் கல்யாணத்துக்கும் வந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

செத்தவர்களைத் திட்டக்கூடாதாம். யார் சொன்னார்களோ, அவர்களுக்கு உன்னைப் போல ஒரு சிநேகிதி இருந்திருக்கமாட்டாள். நீ உயிரோடு இருந்தபோது திட்ட வேண்டியதில் பாதிகூட நான் திட்டி முடிக்கவில்லை. இந்த வாரம் நீ செய்து வைத்த வேலைக்கு மீதியையும் திட்டியாக வேண்டும். அதற்குத்தான் இந்த மடல்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்காரர் மலைமேல் ஜமுனாமரத்தூருக்குக் குடிபோக வேண்டும் என்கிறார். அதுவும் உன் வீட்டுக்கு.

போளூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரைஸ் மில்லை உனக்குத் தெரியும். நீ வந்தபோதெல்லாம் மாடிக்கொடியில் காயும் துணியைப் பார்த்து, "இன்னாடி இது, வெள்ளப் பொடவையா, பூப்போட்ட பொடவையா?" என்று கேட்பாய். உமிச்சாம்பல் விழுந்து விழுந்து எங்கள் வீட்டில் எல்லாத் துணியும் பூப்போட்ட துணிதான். சீசன் வந்தால் மில்லின் சத்தத்தில் டிவியில் படம் மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷம் அதைப் பொறுத்துக்கொண்டோம். இவர் ரிட்டயர் ஆகிப் பகல் முழுவதும் வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகுதான் இருமல் பிடித்தது. முதலில் வெறும் இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிற இருமல். டாக்டர் மாத்திரையும் வாயில் வைத்து இழுக்கும் மருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டு, "தூசி இல்லாத எடமா பாருங்க, மருந்தெல்லாம் அப்பறம்தான்" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். டாக்டர் சொன்னது ஒரு வரி. இவர் அதை வைத்து ஒரு ஊரையே கட்டிவிட்டார். தினமும் காலையில் செல்போனைப் பார்த்து ஜமுனாமரத்தூரின் குளிரை எனக்கு வாசித்துக் காட்டுகிறார். "பதினாறு டிகிரி! பதினாறு!" என்று அவர் சொல்வதைக் கேட்டால் சொந்தக்காரப் பிள்ளை பப்ளிக் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்ட மாதிரி இருக்கும். நான் அடுப்பங்கரையில் வியர்த்து ஊற்றிக்கொண்டு தோசை சுடுவேன். "போளூரு இருபத்தி மூணு" என்று என்னைப் பார்த்துக் குற்றம் சொல்வதுபோல ஒரு பார்வை.

நான் சும்மா இருக்கவில்லை. மலைக்குப் போகாமலே தூசியிலிருந்து தப்பிக்க வழி பார்த்தேன். சந்தவாசலில் ஒரு வீடு இருக்கிறது என்றார்கள். சின்ன ஊர், சமவெளி ரோடு, நினைத்த நேரத்துக்குப் பஸ். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டின் பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. எதிர் வயலில் அறுப்பு மெஷின் இறங்கியது. எழும்பிய தூசியில் இவர் இருமிய இருமலைக் கேட்டு வீட்டுக்காரம்மாவே, "வேணாங்க, நீங்க வேற எடம் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம்தான் உன் மகள் ஓசூரிலிருந்து போன் பண்ணினாள். "சித்தி, அம்மா வூட்ட ஹோம்ஸ்டே நடத்தறவங்க கேக்கறாங்க. நீங்க வர்றதா இருந்தா நான் வேற யாருக்கும் வுடமாட்டேன். இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க சித்தி, அவங்க அவசரப்படறாங்க." ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. இவர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

நீயே சொல். அவருக்கு மூச்சு வேண்டும். அதற்கு நான் எதிர் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இன்னும் நான்கு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. தினமும் அந்த மலையை இறங்கி ஆபீசுக்கு வந்து, திரும்ப ஏறிப் போக வேண்டியது நான். கடலைமிட்டாய்ப் பாக்கெட்டோடு வாசலில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறவர் அவர். மலைரோட்டில் எனக்கு என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு வந்தபோது, பட்டுப்புடவையோடு ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தவள் நான். பந்தலில் எல்லோரும் விருந்து சாப்பிட, நான் உன் கட்டிலில் படுத்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "பழகிட்டா ஒண்ணுமே இல்லடி. நான் எல்லாம் ஏறிக் குந்தினா கண்ண மூடுவேன், ஒரு தூக்கம் போடுவேன், தெறந்தா போளூரு."

பத்தொன்பது வருஷம் இதே பாட்டுத்தான். ஆபீசில் என் மேசைக்கு எதிர் மேசை உன்னுடையது. மில்லைப் பற்றி நான் ஒரு வார்த்தை புலம்பினால் போதும், ஆரம்பித்துவிடுவாய். "மேல வந்துடு. என் வூட்டுப் பக்கத்துலயே ஒரு வூடு பாக்கறேன். ரெண்டு பேரும் ஒண்ணா எறங்கலாம், ஒண்ணா ஏறலாம். ஃபேனே வேணாம்." உன் கணவர் போன பிறகு, மகளும் வேலைக்கு ஓசூர் போன பிறகு, அதை நீ அதிகமாகச் சொன்னாய். நான் அதை ஊர்ப்பெருமை என்றுதான் எடுத்துக்கொண்டேன். உன் ஊரில் கொசு இல்லை, உன் ஊரில் புழுக்கம் இல்லை, உன் ஊர்ச் சாமையைப்போலக் கீழே ஒரு தானியமும் இல்லை. குரங்கு உன் தோசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைக்கூட நீ பெருமையாகத்தான் சொன்னாய்.

உன்னைப் பற்றி எனக்கு இருந்த புகார்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். காலையில் வீட்டில் சாப்பிடாமல் வந்து ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாய். சூப்பிரண்டு பத்து மணிக்கு உள்ளே நுழைந்தால் ரெக்கார்டு ரூம் முழுக்கச் சாமை உப்புமா வாசனை. "வூட்ல தின்னுட்டு வந்தா இன்னா கேடு?" என்று நான் கேட்டால், "எங்கடி நேரம்?" என்பாய். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் ஜன்னல் சீட்டு உனக்குத்தான். வேறு யாரும் உட்காரக்கூடாது. அதை நீ ஊரில் பெரிய மனுஷி என்று காட்டிக்கொள்ளும் திமிர் என்று நினைத்தேன். சரியாகப் பதினோரு மணிக்கு உன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் வரும். ஒரு பழத்தை இரண்டு டம்ளரில் பிழிந்து, உப்புப் போட்டு ஒன்றை என் பக்கம் தள்ளுவாய். உன் வீட்டு மரத்துப் பழம் என்றுதான் நினைத்துக் குடித்தேன். அதைப் பற்றி மட்டும் எனக்குப் புகார் கிடையாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய புகார், நீ பஸ்ஸுக்கு லேட். ராத்திரி உன் ஊரிலேயே நின்று காலையில் முதலாவதாக இறங்கும் அந்தப் பஸ்ஸுக்கு ஒரு வழக்கம் இருப்பதை நீதான் எனக்குச் சொன்னாய். தினமும் வருகிறவர்களுக்காக அது நிற்கும். வராவிட்டால் முந்தின நாள் சாயங்காலமே இறங்கும்போது டிரைவரிடம், "நாளைக்கு இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வருவதாக அர்த்தம். ஊரைத் தாண்டிய முதல் வளைவில், உன் வீட்டெதிரில், ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். நீ ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் பையுமாக ஈரத் தலையோடு ஓடி வருவாய். உள்ளே இருக்கிறவர்கள் எல்லாம் திட்டுவார்கள். நீ ஏறிக்கொண்டே, "வந்துட்டேன், வந்துட்டேன், இன்னா இப்ப?" என்று அவர்களைத் திருப்பித் திட்டுவாய். இதையெல்லாம் நீயே ஆபீசில் நடித்துக் காட்டிச் சிரிப்பாய்.

அன்றைக்கும் நீ சொல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போனாய். பஸ் வளைவில் நின்று ஹாரன் அடித்தது. ஒரு முறை, இரண்டு முறை. உள்ளே இருந்தவர்கள், "இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டாங்களா இந்தம்மா?" என்று திட்டினார்கள். மூன்றாம் முறை ஒரு காலேஜ் பெண் வாயில் விரல் வைத்து விசிலே அடித்தாளாம். கடைசியில் டிரைவர் அண்ணன்தான் இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுத் திறந்திருக்கிறார். தலை வாரிக்கொள்ளக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்திருந்தாயாம். டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றார்.

அன்று காலை நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் பார்ட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. பீரோ சாவி உன்னிடம். மணி பத்து தாண்டிவிட்டது. இரண்டு முறை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்பினேன். "எங்கடி போய்த் தொலைஞ்ச? சாவி உங்கிட்ட கீது, இங்க என் மானம் போவுது. ஒரு நாளாவது நேரத்துக்கு வர்றியா நீ?" பத்து நிமிஷம் கழித்து டிரைவர் அண்ணனே ஆபீஸ் படியேறி வந்தார். நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "சாவி குடுத்தாங்களா?"

அந்த வாட்ஸப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. இரண்டு டிக் விழுந்து, நீலமாகாமல் அப்படியே நிற்கிறது. உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். இதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எட்டு மாதமாக உன்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வீட்டைப் பார்க்கப் போனோம். போகும்போது ஏற்றத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்பதை விட்டுவிடுகிறேன். பையில் இரண்டு பாலிதீன் கவர் எடுத்துப் போனேன், இரண்டும் போதவில்லை. இவரோ அத்திமூர் தாண்டியதுமே ஜன்னலைத் திறந்து வைத்து, "பாத்தியா, இருமலே வரல" என்று என் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார். எரிச்சலாக வந்தது. ஆனால் உண்மைதான், அவருக்கு வரவில்லை. வளைவில் இறங்கி உன் வீட்டுப் படிகளை நிற்காமல் ஏறினார். நான் கீழே நின்று அதைப் பார்த்தேன். ஆறு மாதமாக நான் பார்க்காத காட்சி அது.

உன் மகள் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாள். கண்ணாடி இருந்த சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கம் நான் போகவில்லை. நேராகத் தோட்டத்துக்குப் போனேன். பலா இருக்கிறது, கொய்யா இருக்கிறது, வேலியோரம் புளி இருக்கிறது. எலுமிச்சையைத் தேடினேன். கிணற்றடியில் தேடினேன், கக்கூஸ் பக்கம் தேடினேன். பக்கத்து வீட்டம்மாவிடம் மரத்தை வெட்டிவிட்டார்களா என்று கேட்டதற்கு, "எலுமிச்சயா? இங்க எப்பவுமே இருந்ததில்லீங்க" என்றார். பத்தொன்பது வருஷம் எனக்கு ஜூஸ் போட்டாயே, அந்தப் பழமெல்லாம் எங்கிருந்துதான் வந்தது?

நான் இப்படி மரத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் வாசலில் வேறு காரியம் பார்த்திருக்கிறார். டிரைவர் அண்ணன் ஓய்வு நாளில் அந்தப் பக்கம் வந்தவர், வீடு திறந்திருப்பதைப் பார்த்து விசாரித்திருக்கிறார். "எப்ப குடி வர்றீங்க?" என்று அவர் கேட்க, எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "வந்த மாதிரிதாங்க! நாளைக்கே மேடம் உங்க வண்டியிலதான் ஆபீசுக்கு வருவாங்கன்னு வெச்சிக்கங்களேன்" என்று சொல்லி, என் போன் நம்பரையும் கொடுத்திருக்கிறார். பேச்சுக்குச் சொன்னேன் என்கிறார் இப்போது. கீழே எங்கள் ஊரில் பேச்சுக்குச் சொல்லலாம். உன் ஊர்ப் பஸ்ஸிடம் பேச்சுக்குச் சொல்லலாமா?

திங்கட்கிழமை காலை தோசைக்கல்லில் மாவு ஊற்றிய கையோடு போன் எடுத்தேன். டிரைவர் அண்ணன். பின்னால் ஹாரன் சத்தம், ஆட்கள் கத்தும் சத்தம். "மேடம், எங்க இருக்கீங்க? வளைவுலதான் நிக்கறோம். கதவு பூட்டியிருக்குது. வண்டி பூரா என்னத் திட்றாங்க."

"எந்த வளைவு?"

"அக்கா வூட்டு வளைவுதாங்க மேடம்."

தோசை தீய்ந்தது. நான் போளூரில் இருக்கிறேன், குடியே வரவில்லை, இவர் சும்மா சொன்னது என்று ஒரே மூச்சில் சொன்னேன். பிறகு, "நீங்க வர்லன்னு சொல்லலியே மேடம்" என்றார், அவ்வளவுதான். கோபமாகக்கூட இல்லை. பயந்து போயிருந்தார் என்று அப்புறம்தான் உறைத்தது. அதே வீடு, அதே வளைவு, ஹாரனுக்குப் பதில் இல்லாத அதே வாசல். அந்த மனிதரை இரண்டாவது முறையும் இறங்கிப் போய் அந்தக் கதவைத் தட்ட வைத்துவிட்டார் இந்த மகானுபாவர். அன்றைக்கு நான் அவருக்கு வேறு தோசை சுடவில்லை. தீய்ந்ததையே வைத்தேன். கருகிய ஓரத்தைக்கூட விடாமல் தின்றார்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மலைப் பஸ் நிற்கும் இடத்தில் டிரைவர் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சை அவர் பேசவே விடவில்லை. "வுடுங்க மேடம், எல்லாம் ரெண்டு நாள் திட்டுவாங்க, அப்பறம் மறந்துடுவாங்க. அக்காவ எத்தன வருஷம் திட்னாங்க" என்றார். பிறகு, "மொத சீட்டு உங்களுக்குத்தான். உங்களுக்கு வாந்தி வரும்னு சார் சொன்னாரு, அதுக்கு அதாங்க நல்ல சீட்டு. அக்காவுக்கும் அதுக்குத்தான குடுத்தோம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "அவளுக்கு ஏது வாந்தி? அவ ஏறினதும் தூங்கிடுவா இல்ல?" என்றேன்.

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது. "அவங்களா? தூங்கறதா? கண்ண இறுக்க மூடிக்கினு வருவாங்க மேடம். எலுமிச்சம்பழத்த மூக்குல வெச்சா, கீழ வந்துதான் எடுப்பாங்க. பொறந்ததுலேர்ந்து அந்த மலதான், ஆனா அவங்க ஒடம்புக்கு ஆவாது. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஏறினாலும் அவ்ளோதான். அதோ, அந்தப் பூக்கடையிலதான் தெனமும் சாயந்தரம் ஒரு பழம் வாங்குவாங்க. ஏறும்போதும் அதான், மறுநா எறங்கும்போதும் அதான். எறங்கினதும், இத்தோட வேல முடிஞ்சிது, இனிமே அவளுக்கு ஜூஸுன்னு சொல்ட்டுப் போவாங்க."

மூக்கில் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த பழத்தையா பத்தொன்பது வருஷம் எனக்குப் பிழிந்து கொடுத்தாய்? நடு பஸ் ஸ்டாண்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. பீரோவுக்குப் பின்னால் நீ தின்ற டிபனை நினைத்தேன். "எங்கடி நேரம்?" என்றாயே. அதைப் பார்த்து எத்தனை நாள் முகம் சுளித்திருக்கிறேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றேன்.

"சொல்ல மாட்டாங்க. நானே கேட்டிருக்கேன். வயித்தப் பொரட்டுதுன்னு சொன்னா அவ கீழயே குந்திக்குவா, மேல வரவே மாட்டான்னாங்க. ரெண்டாவது சீட்ட யாருக்கும் பழக்கம் பண்ணி வுடாதண்ணா, என் சிநேகிதி ஒருத்தி வருவான்னு சொல்லிக்கினே இருப்பாங்க. அந்த சிநேகிதி நீங்கதான்னு எனக்குத் தெரியும் மேடம்."

பொய்க்காரி. பத்தொன்பது வருஷப் பொய்க்காரி. இறங்கும்போது ஒரு தடவை, ஏறும்போது ஒரு தடவை, தினமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருக்கிறாய். உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வந்திருக்கமாட்டேன் என்று நினைத்தாய். அது சரிதான், வந்திருக்கமாட்டேன். ஆனால் பொய் சொல்லியும் நான் வரவில்லையே. மகளும் போனபின் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, துணைக்கு வா என்று நேராக ஒரு முறை கேட்டிருக்கக் கூடாதா? குளிர், கொசு, சாமை என்று சுற்றிச் சுற்றி எதற்கு வந்தாய்? எனக்குத்தான் புரியவில்லை என்று வை. எனக்குப் புரியாது என்று பத்தொன்பது வருஷத்தில் உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நீ கூப்பிட்டபோது வராதவள், நீ இல்லாத வீட்டுக்குச் சாமான் கட்டிக்கொண்டு வர யோசிக்கிறேன். இதைவிடக் கேவலம் வேறு இருக்கிறதா சொல். நீ இருந்தபோதே வந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பக்கத்து வீட்டில் நான் இருந்திருந்தால், ஹாரன் சத்தத்துக்கு முதலில் ஓடி வந்திருப்பேன். திட்டிக்கொண்டேதான் வந்திருப்பேன். ஆனாலும் வந்திருப்பேன்.

கண்டக்டர் விசில் அடித்தார். டிரைவர் அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டு வண்டியில் ஏறி, ஜன்னல் வழியாகக் கேட்டார். "இப்ப தெளிவா சொல்லிடுங்க மேடம். நாளைக்கு உண்டா, இல்லியா?"

"நாளைக்கு இல்ல" என்றேன். "இந்த மாசம் பூரா இல்ல."

"அடுத்த மாசம்?"

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பின்னால் நின்ற பஸ்தான் ஹாரன் அடித்து உயிரை வாங்கியது. எங்கள் வீட்டுக்காரர் உன் படிகளை நிற்காமல் ஏறியது கண்ணில் வந்தது. "மொத வாரத்துலேர்ந்து உண்டு" என்று சொல்லிவிட்டேன். "ஆனா ஒண்ணுங்க. வளைவுல நின்னு ஹாரன் மட்டும் அடிக்காதீங்க. நானே முன்னாடி வந்து நிக்கறேன்."

"அவங்களும் மொத நாளு அதாங்க சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் உடனே உன் மகளுக்குப் போன் பண்ணினார். சந்தோஷத்தில் ஒரே ஆர்ப்பாட்டம். தோட்டத்தில் எலுமிச்சை மரம் இல்லாதது என் குறை என்று நினைத்துக்கொண்டு, நர்சரியிலிருந்து இரண்டு கன்று வாங்கி நட்டுவிடலாம் என்கிறார். வேண்டவே வேண்டாம் என்று கத்திவிட்டேன். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு வேண்டிய பழத்தைச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பூக்கடையில் நானே வாங்கிக்கொள்கிறேன்.

காய்ந்த பழத்தைத் திரும்பக் கைப்பையிலேயே போட்டுவிட்டேன். அது என்னோடு மலையேறி இறங்கட்டும். புதுப்பழம் மூக்குக்கு. கீழே வந்து இறங்கியதும் அதன் வேலை முடிந்துவிடும். பதினோரு மணிக்கு உப்புப் போட்டுப் பிழிவேன். ஒரு பழத்துக்கு எப்போதும் இரண்டு டம்ளர் வருகிறது. உன் டம்ளரை என்ன செய்வது என்று மட்டும் நீ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.